சுண்ணாம்புப் பாறை ஊரில் இரண்டு வருடம்

டெக்சாஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் நானும் என் மனைவியும் இரண்டு வருடம் இருந்தோம். தொண்ணூற்றெட்டு மார்ச்சில் போனோம், இரண்டாயிரம் கோடையில் கிளம்பினோம். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் அமைத்துக்கொண்ட ஊர். கடைப் பலகைகளில் இன்னமும் ஜெர்மன் வார்த்தைகள் இருந்தன. ஊரைச் சுற்றிக் குகைகள், நீரூற்றுகள், வேலி போட்டுப் பாதுகாக்கிற காடுகள், தனியே நிற்கும் பாறைகள். அநேகமாக எல்லாவற்றையும் பார்த்தோம். சரியாகச் சொன்னால், அவள் பார்த்தாள். நான் கார் ஓட்டிக்கொண்டு கூடப் போனேன்.

அவள் சேலத்துக்காரி. அப்பா அங்கே மாக்னசைட் என்கிற வெள்ளைக்கல் சுரங்கத்தில் கிளார்க். அவள் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்து, பல்கலைக்கழகத்தில் இரண்டாவதாக வந்தவள். பெண் பார்க்கப் போனபோது, அமெரிக்கா போனால் மேலே படிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது. எங்கள் ஊர் ஈரோடு பக்கம். மாப்பிள்ளை நல்ல மாதிரி என்று அவள் வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

அமெரிக்கா வந்த முதல் வருடம் டெக்சாஸிலேயே டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் இருந்தோம். புதிதாக வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் வந்து சேர்கிற அபார்ட்மென்ட். அதே ஊரில் லாஸ் கொலினாஸ் பகுதியில் எனக்கு ஆபீஸ். இருந்த ஒரே காரை நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அவள் மாடி பால்கனியில் உட்கார்ந்து ஃப்ரீவேயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய விசா ஹெச்-ஃபோர். டிபென்டென்ட், கணவனைச் சார்ந்து வந்தவள் என்று அர்த்தம், வேலை பார்க்கக் கூடாது. படிப்பதற்கு விண்ணப்பம் போடலாமே என்று இரண்டு தடவை கேட்டாள். கொஞ்சம் செட்டில் ஆகட்டும் என்றேன். மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

அப்போது ஊரெல்லாம் இரண்டாயிரமாவது வருடம் பற்றிய பயம். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதை நாலு இலக்கமாக மாற்ற எங்களைப் போன்றவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நியூ பிரான்ஃபெல்ஸில் ஆற்றோரமாக ஒரு பழைய நூற்பாலை இருந்தது. அதன் கணக்கு, சம்பளம், சரக்கு எல்லாமே பழைய புரோகிராம்களில் ஓடின. இரண்டு வருட வேலை, போகிறாயா என்று என் கம்பெனி கேட்டது. சரி என்றேன். சின்ன ஊர், இந்தியக் கடை கிடையாது, பருப்பு வாங்கக்கூட சான் அன்டோனியோ போகணும் என்று அவளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் ரோடு மேப்பைப் பிரித்துத் தரையில் போட்டு, ஊர்ப் பெயரைத் தேடி, அதன் மேல் விரலை வைத்தாள்.

“ஏங்க, இந்த ஊரு கரெக்டா ஃபால்ட் மேல இருக்குதுங்க,” என்றாள். இர்விங் வந்த பிறகு அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

ஃபால்ட் என்றால் பூமியின் பாறை உடைந்து ஒரு பக்கம் கீழே இறங்கிய இடம். அங்கே போன முதல் சனிக்கிழமை ஊர்ப் பூங்காவில் அதை எனக்குக் காட்டினாள். மேற்கே மேடு தொடங்குகிறது, அதுதான் இறங்காமல் நின்ற பக்கம். நாங்கள் நின்ற பக்கம் இறங்கியது. நடுவில் பாறையின் அடியிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அடியில் கிடக்கிற ஒவ்வொரு கூழாங்கல்லையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அந்த ஊற்றிலிருந்துதான் கோமல் ஆறு தொடங்குகிறது. ஊருக்குள்ளேயே இரண்டரை மைல் ஓடி, குவாடலூப்பே என்ற பெரிய ஆற்றில் கலந்துவிடுகிறது. அவ்வளவுதான் அதன் ஆயுள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். கோடையிலும் குளிரிலும் இதே சூடுதான் இருக்கும், அடியில் இருக்கிற சுண்ணாம்புப் பாறை அப்படி வைத்திருக்கிறது என்றாள். ஒரு பஞ்சத்தில் இந்த ஊற்று வற்றிப்போய் மாதக்கணக்கில் ஆறே இல்லாமல் இருந்ததாம். அதையும் எங்கேயோ படித்து வைத்திருந்தாள். நான் மணி பார்த்தேன். பசித்தது.

அதன்பின் வாரம் ஒரு இடம். ஊருக்கு மேற்கே ஒரு பெரிய குகை இருந்தது. டிக்கெட் வாங்கிக் கூட்டமாக உள்ளே போக வேண்டும். வழிகாட்டியாக வந்தவள் கல்லூரிப் பெண். கூரையிலிருந்து தொங்குகிற கல்விழுதுகளைக் காட்டி அவை எப்படி உண்டாயின என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் ஏதோ தவறாகச் சொன்னாள் போலிருக்கிறது. கூட்டம் நகர்ந்ததும் என் மனைவி அவள் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி திருத்தினாள். தண்ணீரில் இருக்கிற கரியமிலவாயு வெளியேறுவதால்தான் சுண்ணாம்பு படிகிறது, தண்ணீர் காய்ந்துபோவதால் அல்ல என்று. அந்தப் பெண் கோபப்படவில்லை. சந்தோஷமாக, நீங்கள் ஆசிரியரா என்று கேட்டாள்.

“நோ, ஐ ஆம் எ டிபென்டென்ட்,” என்றாள் என் மனைவி.

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. சிரித்துவிட்டு முன்னால் போய்விட்டாள். எனக்குப் புரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் காரில் அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீடு வந்துவிட்டது.

ஜூன் மாதத்தில் இரண்டு மணி நேரம் வடமேற்கே ஓட்டிக்கொண்டு ஒரு பெரிய கிரானைட் பாறைக்குப் போனோம். சுற்றிலும் எல்லாம் சுண்ணாம்பு, நடுவில் இது மட்டும் ரோஜா நிறத்தில் மொட்டையாக எழுந்து நிற்கிறது. வயது நூறு கோடி வருடத்துக்கு மேல் என்றாள். வெயில் ஏறுவதற்கு முன்பே உச்சிக்குப் போய்விட்டோம். மேலே பாறைக் குழிகளில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் நகக்கண் அளவு இறால்கள் நீந்தின. அவள் குப்புறப் படுத்து, முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அப்படியே கன்னத்தைப் பாறையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஏறி வந்தவர்கள் மயக்கமா என்று விசாரித்தார்கள். இல்லை, என் மனைவிக்குப் பாறை பிடிக்கும் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அவளும் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாள் என்று நான் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அந்த நாள்தான்.

அந்த அக்டோபரில் வெள்ளம் வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் இரண்டு ஆறும் சேர்ந்து ஏறின. எங்கள் அபார்ட்மென்ட் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். காவி நிறத் தண்ணீரில் ஒரு வீட்டின் வராந்தா முழுதாக மிதந்து போனது. அதன் தூணில் பூந்தொட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆலையில் தரைத்தளம் பூராவும் சேறு. எனக்குப் பத்து நாள் வேலை இல்லை.

ஊருக்கு வடக்கே மலைக்குள் ஒரு பாதுகாக்கப்பட்ட ஓடைக்காடு இருந்தது. யாரும் தனியாகப் போக முடியாது. சனிக்கிழமை காலை மட்டும் ரேஞ்சரோடு கூட்டமாக நடந்துவிட்டு வரலாம். ஒரு தடவை நாங்களும் போயிருந்தோம். வெள்ளத்தில் ஓடை பூராவும் மரமும் முள்கம்பியும் அடைத்துக்கொண்டது, சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அவள் போகிறேன் என்றாள். என் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, முன்னால் பேப்பர் திணித்து, எட்டு நாள் போனாள். ஓடைக்கரையில் இருந்த சைப்ரஸ் மரங்களுக்கு வெள்ளம் வந்த பக்கத்தில் பட்டையே இல்லை என்று வந்து சொன்னாள். ஆனால் மண் அடித்துப்போன இடத்தில் புதிதாகப் பாறை அடுக்கு தெரிகிறது, ரேஞ்சருக்குக்கூட அது என்னவென்று தெரியவில்லை, நான்தான் சொன்னேன் என்றாள். சேற்றுக் கையோடு ஒரு காகிதத்தில் அதை வரைந்து காட்டினாள்.

ரேஞ்சர் ஒரு பெண். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், வெயிலில் சிவந்த முகம், அதிகம் பேசமாட்டாள். செடி, பறவை எல்லாம் அவளுக்குத் தெரியும். கல் தெரியாது. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் என் மனைவி அங்கே தொண்டராகச் சேர்ந்தாள். சம்பளம் இல்லாததால் விசாவுக்குப் பிரச்சினை இல்லை. சட்டையில் குத்திக்கொள்ள அவள் பெயர் எழுதிய ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சனிக்கிழமை நடையில் பாதியை அவளே நடத்த ஆரம்பித்தாள்.

ஒருநாள் நானும் போய்க் கூட்டத்தின் கடைசியில் நடந்தேன். பதினைந்து இருபது பேர், எல்லாரும் அமெரிக்கர்கள், அநேகம் பேர் ரிடையர் ஆனவர்கள். அவள் ஓடைக்கரையில் ஒரு பாறை மேல் ஏறி நின்று பேசினாள். இங்கே விழுகிற மழை இந்தப் பாறையின் விரிசல்களில் இறங்கி, இருட்டில் மெதுவாக நகர்ந்து, உங்கள் ஊர் ஊற்றில் வெளியே வருகிறது, இன்றைக்கு நீங்கள் குடித்த காபியில் என்றோ இந்த மலையில் பெய்த மழை இருக்கிறது என்றாள். சேலத்து ஆங்கிலம்தான். ஆனால் ஒரு சொல்லுக்குக்கூட அவள் தயங்கவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே வேறொன்றும் இருந்தது. இவளுக்கு நான் தேவையில்லையோ என்று ஒரு பயம். அதை நான் அன்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு மற்ற காரணங்கள் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் இதுதான் நிற்கிறது.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தது. ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை. ஆலையில் எங்களுக்குக் கேக் வெட்டினார்கள். மார்ச் மாதம் அவளுக்கு ஆஸ்டின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரேஞ்சர் சொல்லி, ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்து, விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதியிருக்கிறாள். பரீட்சைக்குப் போன அன்று காட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னாள். கடிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நிலத்தடி நீர் பற்றிய ஆராய்ச்சி, உதவித்தொகை உண்டு, படிப்பு விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், ஆகஸ்டில் சேர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கார் ஓட்டிக்கொண்டு போய்வரக்கூடிய தூரம்.

மூன்று வாரம் கழித்து என் கம்பெனி என்னை நியூ ஜெர்சிக்கு மாற்றியது.

அந்த வருடம் ஆஸ்டினில் வேலை மலிந்து கிடந்தது. ரெஸ்யூமே அனுப்பினால் மறுநாள் போன் வரும். நான் அனுப்பவில்லை. கிரீன் கார்டு வேலை தொடங்கியிருக்கிறது, கம்பெனி மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும் என்றேன். அது உண்மைதான். நீ மட்டும் இங்கே இருந்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்றேன். கல்யாணமாகி நாலு வருடமாகியும் குழந்தை இல்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா கேட்பதைச் சொன்னேன். அதைச் சொன்னபோது அவள் முகம் மாறியது. எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

“வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் நிறுத்திக்கறேன். ஆனா அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அடுத்த வருஷம் கண்டிப்பா,” என்றேன். “ப்ராமிஸ்.”

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக ஒரு நடை நடத்தினாள். வந்தவர்களிடம் அது கடைசி என்று சொல்லவில்லை. வழக்கம்போல எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள். முடிந்ததும் ரேஞ்சர் என்னிடம் வந்து கை கொடுத்தாள். என்னை நேராகப் பார்த்து, இவளைப் போல ஒருத்தி எங்களுக்கு மறுபடி கிடைக்கமாட்டாள் என்றாள். பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

நியூ ஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் அபார்ட்மென்ட். நடந்து போகிற தூரத்தில் மளிகைக் கடை, தோசை, கோயில், பக்கத்து வீட்டில் தமிழ். அவளுக்கு இங்கே துணை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகம் அவள் இடத்தை ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தது. இந்த ஆகஸ்டிலாவது வருகிறாயா என்று ஜனவரியில் பேராசிரியர் கேட்டு எழுதினார். கிரீன் கார்டில் முதல் கட்டம் முடியப் போகிறது, இந்த நேரத்தில் எதையும் மாற்றக் கூடாது என்றேன். அவள் வாதாடவில்லை. நானே பதில் எழுதிவிடுகிறேன் என்று சொல்லி எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

குற்ற உணர்ச்சியில் இடங்களைத் தேட ஆரம்பித்தேன். வடக்கே முக்கால் மணி நேரத்தில் ஒரு பெரிய அருவி இருக்கிறது, எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையிலிருந்து விழுகிறது, அரசாங்கமே இயற்கைச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறது என்று லைப்ரரி புத்தகத்தில் படித்தேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு அவளை அழைத்துக்கொண்டு போனேன். பனி உருகி அருவி நிறைந்திருந்தது. பார்க்கிங்கிலேயே சத்தம் கேட்டது. காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் இறங்கவில்லை.

“நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றாள்.

“பசால்ட்டுன்னு போட்டிருந்துது. உனக்குப் பிடிக்கும்னுதான்...”

“பிடிக்கும். நீங்க பாத்துட்டு வாங்க.”

நான் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரல் முகத்தில் அடித்தது. அந்தப் பாறை ஏன் தூண் தூணாக வெடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடியவள் காரில் இருந்தாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தேன். சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. அதற்கப்புறம் நான் எங்கேயும் கூப்பிடவில்லை.

இரண்டாயிரத்தொன்று கோடையில் எங்கள் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை, இரண்டாவதில் இருந்தது. வேலை போனதோடு கிரீன் கார்டு ஃபைலும் போனது. எதற்காக எல்லாவற்றையும் தள்ளிப்போட்டோமோ அது ஒரு காகிதம்கூட மிச்சமில்லாமல் முடிந்தது. போன வருடம் போன் பண்ணிக் கூப்பிட்டவர்கள் இப்போது என் போனை எடுக்கவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு ஆகஸ்டில் ஊர் திரும்ப டிக்கெட் போட்டோம்.

டெக்சாஸில் சேர்த்த கற்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் எங்கே, எப்போது எடுத்தது, என்ன பாறை என்று சின்ன எழுத்தில் லேபிள் ஒட்டியிருந்தாள். துணியைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் எடுத்துப் போகலாம் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு மத்தியானம் பூரா உட்கார்ந்து லேபிள்களை ஒவ்வொன்றாகத் தண்ணீர் தொட்டு உரித்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், அபார்ட்மென்ட் வாசலில் செடிகளைச் சுற்றிக் கற்களைக் கொட்டினாள். எதற்கு லேபிளைப் பிரித்தாய் என்று கேட்டேன்.

“லேபிள் இல்லேன்னா சும்மா கல்லுதானுங்க,” என்றாள்.

சென்னையில் எனக்கு வேலை கிடைத்தது. குழந்தை பிறக்கவில்லை. அதற்கு ஆஸ்பத்திரிகளில் நாலைந்து வருடம் போனது. பிறகு அதையும் விட்டோம். அவள் வீட்டில் இருந்தாள். எதிர் ஃபிளாட்டில் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருத்தி என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, ஏதோ டிகிரி என்று சொல்லி, குக்கர் சத்தம் கேட்கிறது என்று உள்ளே வந்துவிட்டாள். குக்கர் வைத்திருக்கவே இல்லை.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஜியாகிரஃபி டீச்சர் பிரசவ லீவில் போனபோது, தலைமையாசிரியை எனக்குத் தெரிந்தவர் என்பதால், நான் பேசி ஏற்பாடு செய்தேன். தயங்கித்தான் போனாள். முதல் வாரம் புடவையைக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு என்னென்னவோ தோன்றியது. மூன்று மாத வேலை. ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்து, இனிமேல் போகவில்லை, சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றாள்.

பிள்ளைகள் தொந்தரவா என்று கேட்டேன். இல்லை, நல்ல பிள்ளைகள், நிறையக் கேள்வி கேட்கிறார்கள் என்றாள்.

“பதில் தெரியலையா?”

கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

“தெரியுதுங்க. அதான் வேணாம்.”

அவள் முகம் கழுவிவிட்டு வந்து காபி போட்டாள். இரண்டு பேரும் குடித்தோம். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து அந்த ஐந்து வாரத்துச் சம்பளத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அவள் அதைப் பிரிக்கவில்லை. நானும் பிரிக்கவில்லை.